ஜானகி தேவரின் சேவைப் பதிவேடு

படையில் இருந்த காலத்தில் நான் துப்பாக்கி பிடித்ததைவிடப் பேனா பிடித்ததே அதிகம். சுங்கை பெசி முகாமில் ஆள் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் கெராணி வேலை. ஒரு சிப்பாயின் வாழ்க்கை எங்களுக்கு ஒரு கோப்பு: சேர்ந்த தேதி, பயிற்சி, பதவி உயர்வு, மாற்றல், மருத்துவச் சீட்டு, வாங்கிய தண்டனை, விலகிய தேதி. மேடையில் ஆளை எவ்வளவு புகழ்ந்தாலும் சரி, கோப்பில் ஏறாதது எங்கள் கணக்கில் நடக்காதது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. அதனால் பிரிக்பீல்ட்ஸில் நேதாஜி விழா எதற்குப் போனாலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கேப்டன் ஜானகியைப் பற்றிப் பேச எழுகிறவர்கள் தோட்டைக் கழற்றிக் கொடுத்ததைச் சொல்வார்கள், கைதட்டு வாங்குவார்கள், உட்கார்ந்துவிடுவார்கள்.

தோட்டைக் கழற்றியது உண்மைதான். 1943இல் கோலாலம்பூரில் நேதாஜி பேசியதைக் கேட்டு, போராட்ட நிதிக்கென்று காதிலிருந்ததை அங்கேயே கழற்றிக் கொடுத்தார். வசதியான தமிழ்க் குடும்பத்துப் பெண். பிறந்தது இதே கோலாலம்பூரில், 1925 பிப்ரவரியில். அப்போது வயது 18. தோடு போனதைவிடப் பெண் பட்டாளத்தில் சேரப்போகிறேன் என்றதுதான் வீட்டில் பெரிய இடி. அப்பா ஒப்பவில்லை, கெஞ்சி, வாதாடி, கடைசியில் அவர் சம்மதத்தை வாங்கினார். ஒரு கெராணியின் கண்ணில் இதெல்லாம் கோப்பின் முதல் வரி. ஆள் சேர்ந்தார். அதற்குப் பிறகு என்ன செய்தார்?

அதற்குப் போகுமுன் கிள்ளான் பக்கம் ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது. பட்டாளத்தில் ஜானகியின் கீழே நின்றவர்களில் ஏராளமானோர் ரப்பர் தோட்டத்துப் பெண்கள். அவர்கள் கதை நேதாஜி வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னின்றது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அதில் முக்கியமானவர் ஆர். எச். நாதன் என்ற பத்திரிகைக்காரர். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்பது முதல் கோரிக்கை. மற்றவற்றைப் படித்தால்தான் அந்தக் காலம் புரியும்: தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு; எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து; துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கச் சொல்லாதே. மே மாதத் தொடக்கத்தில் நாதனைப் பிடித்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். அவரை விடுவிக்கச் சொல்லிக் கூட்டம் திரண்டது. செலாங்கூரில் அவசரநிலை அறிவித்து, இந்தியச் சிப்பாய்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள். சுட ஆணையிட்டவன் வெள்ளைக்காரன், சுட்ட பட்டாளம் இந்தியப் பட்டாளம். ஒரு வருஷம் கழிவதற்குள் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கி, 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூரைப் பிடித்து, பிப்ரவரி 15இல் சிங்கப்பூரையும் எடுத்துக்கொண்டான். பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களிலிருந்துதான் இந்திய தேசிய ராணுவம் உருவானது. தோட்டத்து ஆள் தன்னைச் சுட வந்த அதே உடுப்பை இப்போது தன் பக்கம் நிற்கக் கண்டான்.

என் அம்மாவின் சின்னம்மா காப்பார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர். சாதாரணச் சிப்பாய், பதவி எதுவும் கிடையாது. சின்ன வயதில் அவரிடம் கேட்டேன்: "ஏன் பாட்டி பட்டாளத்துக்குப் போனீங்க? நாட்டுப்பற்றா?"

"நாட்டுப்பற்றும் இருந்துச்சு தம்பி. மரவள்ளிக்கிழங்கு தின்னு தின்னு வயிறும் வெந்து கெடந்துச்சு. உன் தாத்தாவ சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிட்டான். லயத்துல ஒத்தையா கெடந்து என்ன பண்றது? அங்க போனா சோறாச்சும் போடுவாங்கன்னாங்க."

இந்தப் பதிலை மேடையில் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. எனக்கு இது இழிவாகப் படவில்லை. உலகத்தில் எந்த நாட்டுப் படையிலும் பாதிப் பேர் சேர்ந்தது இப்படித்தான். ஆள் சேர்ப்புப் படிவத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம் இருந்து நேர்மையாக நிரப்பியிருந்தால் தெரியும். தாத்தா போன அந்த சயாம் மரண ரயில் வேலைக்கு மலாயாவிலிருந்து 70,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களைப் பிடித்துக்கொண்டு போனவனும், நேதாஜிக்குக் கூட்டாளியாக நின்றவனும் ஒரே ஜப்பான்காரன். இதை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தப் பட்டாளத்தைப் புகழ்வது கோப்பில் பாதித் தாளைக் கிழித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

இனி தேதிகள். 1943 ஜூலை 2 நேதாஜி சிங்கப்பூர் வருகிறார். 4ஆம் தேதி இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமையை ராஷ் பிஹாரி போஸிடமிருந்து ஏற்கிறார். 9ஆம் தேதிப் பொதுக்கூட்டத்தில், பெண்களுக்கென்று தனிப் படைப்பிரிவு வேண்டும் என்கிறார். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த சென்னைப் பெண் லட்சுமி சுவாமிநாதன் அதைக் கையிலெடுக்கிறார். அக்டோபர் 21இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்படுகிறது. மறுநாள் வாட்டர்லூ சாலையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கிறது. அதற்கடுத்த நாள் நள்ளிரவில் அந்த அரசு பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் தொடுத்ததாக அறிவிக்கிறது.

அமெரிக்கா என்றதும் எனக்கு இன்னொரு தேதி நினைவுக்கு வரும். அதே 1943 ஜூலை 1ஆம் தேதிதான் அதிபர் ரூஸ்வெல்ட் பெண்கள் படைப்பிரிவை அமெரிக்க ராணுவத்தின் முழு அங்கமாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் தலைவி ஓவிட்டா கல்ப் ஹாபி, டெக்சஸ்காரர், பத்திரிகை நிர்வாகி. கர்னல் பதவி பெற்றார். ஒன்றரை வாரத்துக்குள் பூமியின் இரு பக்கத்திலும் பெண்களுக்குப் படை! ஆனால் ஹாபியின் பெண்களுக்குக் கிடைத்தது தட்டச்சுப் பொறி, தொலைபேசிப் பலகை, வண்டி ஓட்டும் வேலை. ஆண்களைப் போர்முனைக்கு விடுவிப்பதுதான் அவர்களைச் சேர்த்ததன் நோக்கம். வாட்டர்லூ சாலையில் முதலிலிருந்தே துப்பாக்கியும் துப்பாக்கி முனை ஈட்டியும் கையில் கொடுத்தார்கள். சோவியத் நாட்டில் பெண்கள் அதற்கு முன்பே விமானமும் ஓட்டினார்கள், குறி பார்த்தும் சுட்டார்கள். ஆசியாவில் காலாட்படைப் பயிற்சியோடு பெண்களுக்கென்றே ஒரு ரெஜிமென்ட் என்பது அன்று அரிதிலும் அரிது.

பயிற்சி ஜானகிக்குக் கடுமையாக இருந்தது. வீட்டில் வேலையாள் வைத்து வளர்ந்த பெண் தகரத் தட்டோடு வரிசையில் நிற்க வேண்டும். விடியுமுன் எழ வேண்டும், அணிவகுக்க வேண்டும், மூட்டை சுமந்து நெடுந்தூரம் நடக்க வேண்டும், இரவிலும் நடக்க வேண்டும். ஆணைகள் இந்துஸ்தானியில் வரும். தமிழ்ப் பெண்கள் அதை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துப் படித்தார்கள். எங்கள் பாட்டி ஒன்று சொல்வார்: வசதியான வீட்டுப் பிள்ளைகள் முதல் வாரம் அழுதன, தோட்டத்துப் பிள்ளைகள் அழவில்லை. அவர்கள் அஞ்சு மணிப் பெரட்டுக்கு நின்று பழகியவர்கள். கங்காணி பேர் வாசிக்கும்போது ஆடாமல் நிற்பது, வாளியைச் சுமந்து மேடு பள்ளம் ஏறுவது எல்லாம் உடம்பில் இருந்தது. சப்பாத்து மட்டும்தான் புதிது. காலில் செருப்பே போடாதவர்களுக்கு அது பெரிய வாதை. "மொத நாளு சப்பாத்து கடிச்சதுக்கு இங்கிலீஸ்காரன் குண்டே பரவால்லன்னு நெனச்சேன்" என்பார் பாட்டி.

அழுத வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரான ஜானகி மெல்ல மெல்லத் தேறி, அதிகாரியாகி, படைப்பிரிவின் துணைத் தளபதி ஆனார். பல வருஷம் பதவி உயர்வுத் தாள்களைப் பார்த்தவன் நான். அரண்மனை வளர்ப்பு முகாமில் தேறுவது அபூர்வம். தேறினால், அந்த ஆள் தன் கீழ் உள்ளவர்களின் வலியை அதிகாரி மகனைவிட நன்றாக அறிந்திருப்பார், ஏனென்றால் அவரும் அதை எண்ணி எண்ணிக் கடந்தவர்.

1944 மார்ச் 30இல் சிங்கப்பூரில் சுமார் 500 பெண்கள் பயிற்சி முடித்து அணிவகுத்தார்கள். ஒரு பகுதியினர் தாதியர் பிரிவுக்குப் போனார்கள். பர்மாவுக்குத் தேர்வானவர்கள் ரயிலேறினார்கள். எந்த ரயில்? சயாமிலிருந்து பர்மாவுக்குப் போகும் அந்த 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில்தான் இரண்டு முனையும் இணைந்தது. தண்டவாளக் கட்டைகளுக்குக் கீழே இவர்களுடைய அப்பனும் அண்ணனும் புருஷனும் கிடந்தார்கள். பாட்டி பர்மாவுக்குப் போகவில்லை, சிங்கப்பூர் முகாமிலேயே இருந்துவிட்டார். போன பெண்கள் அந்தப் பெட்டிக்குள் என்ன நினைத்திருப்பார்கள் என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

பர்மாவில் ரங்கூனிலும் மேமியோவிலும் முகாம்கள். இம்பால் தாக்குதல் அந்த மார்ச்சில் தொடங்கியிருந்தது. முன்னணிக்கு அனுப்புங்கள் என்று பெண்கள் ரத்தத்தில் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். அனுப்ப நேரம் வரவில்லை. ஜூலைக்குள் இம்பால் தாக்குதல் தோற்றது. மழை, மலேரியா, பட்டினியில் நடைப்பிணமாக ஆண்கள் திரும்பிவந்தார்கள். பெண்களின் துப்பாக்கி ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டது. கட்டுத்துணியும் மருந்தும் கைக்கு வந்தன. 1945 பிப்ரவரியில் ரங்கூனுக்கருகே மியாங்கில் இருந்த ராணுவ மருத்துவமனை மீது நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்டன. கூரையில் செஞ்சிலுவைக் குறி இருந்தும் போட்டார்கள் என்று இன்றுவரை நம் பக்கத்தில் கோபம் உண்டு. கருகிய நோயாளிகளை எடுத்து அடுக்கும் வேலை யாருக்குக் கிடைத்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அதற்குள் லட்சுமி மருத்துவப் பணியாக ரங்கூனை விட்டு மலைப் பக்கம் போயிருந்தார். ரங்கூனில் இருந்த பெண்களின் பொறுப்பு ஜானகியின் தோளில். வயது 20.

நான் தளபதிகளின் கோப்புகளைப் பார்த்தவன் இல்லை. என் மேசைக்கு வந்ததெல்லாம் சின்ன ஆட்களுடையது. ஆனாலும் ஒன்று அறிவேன். முன்னேறும் படையில் அதிகாரியாக இருப்பது எளிது. வெற்றி எல்லாரையும் இழுத்துக்கொண்டு போகும். தோற்று ஓடும்போது வரிசை கலையாமல், ஆள் விடுபடாமல் கொண்டுவருகிறவர்தான் அதிகாரி. ஜானகியின் சேவையில் நான் தடித்த எழுத்தில் எழுதுவது 1945 ஏப்ரல் 24 முதல் மே நடுப்பகுதி வரையிலான மூன்று வாரம்.

பிரிட்டிஷ் படை ரங்கூனை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரர்கள் நேதாஜியைக் கிளம்பச் சொன்னார்கள். பெண்களுக்கு வண்டி ஏற்பாடு ஆகாமல் தான் நகரப்போவதில்லை என்று அவர் நின்றுவிட்டார். ஜப்பான்காரனுக்கு அது வீண் பிடிவாதம். எனக்கு அது ஒரு தலைவர் தன் பொறுப்பைப் புரிந்துகொண்ட இடம். இந்தப் பெண்களைத் தோட்டத்திலிருந்து, வீட்டிலிருந்து அழைத்துவந்தவர் அவர்தானே. 24ஆம் தேதி இரவு லாரிகள் புறப்பட்டன. ஏறத்தாழ நூறு பெண்கள், அமைச்சர்கள், அதிகாரிகள். தற்காலிக அரசின் விளம்பர அமைச்சர் எஸ். ஏ. ஐயர் கூடவே போனார். பின்னாளில் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதியவர் அவர்.

பகலில் வானமெல்லாம் எதிரி விமானம். மரத்தடியில், புதரில், பள்ளத்தில் கிடந்து, இருட்டியதும் நகர வேண்டும். வாவ் ஆற்றுக்கு வந்தபோதே வண்டிகள் சேற்றில் சிக்கின, பாலம் இல்லை. பெண்கள் தண்ணீரில் இறங்கிக் கடந்தார்கள். அடுத்து சித்தாங் ஆறு. அதுதான் பெரிய தடை. கரையில் பின்வாங்கும் ஜப்பானியக் கூட்டம், படகுக்கு அடிதடி, பின்னால் டாங்கிகள் வருகின்றன என்ற சேதி. பெண்கள் கடந்த பிறகே தான் கடப்பேன் என்று நேதாஜி மறுபடியும் நின்றார். அக்கரை சேர்ந்ததும் வண்டிகள் போதவில்லை, நடை தொடங்கியது. தோளில் துப்பாக்கி, முதுகில் மூட்டை, இரவு முழுக்க நடை. நேதாஜிக்குக் கார் கொடுக்க முன்வந்தார்கள், அவர் ஏறவில்லை. சப்பாத்துக்குள் கால் கொப்பளித்துப் போயும் அவர்களோடு நடந்தார். முகாமில் சப்பாத்து கடித்து வதைபட்ட பிள்ளைகள் இப்போது தலைவரின் காலைப் பார்த்துக்கொண்டு நடந்திருப்பார்கள்.

அந்த இரவுகளில் ஜானகியின் வேலை என்னவாக இருந்திருக்கும் என்று ஒரு பதிவேட்டுக் கெராணிக்குத் தெரியும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையெண்ண வேண்டும். காய்ச்சல்காரியை யார் தாங்குவது, யாருடைய மூட்டையை யாருக்கு மாற்றுவது, உறங்கிவிட்டவளை எழுப்புவது, விமானச் சத்தம் கேட்டதும் சாலையை விட்டு இறக்குவது, எழுந்ததும் மறுபடி எண்ணுவது. இதில் பாட்டுக்கோ படத்துக்கோ ஒன்றும் இல்லை. மௌல்மீன் போய், அங்கிருந்து அந்த மரண ரயில் வழியாகவே மே நடுவில் பாங்காக் சேர்ந்தார்கள். பிறகு மலாயாவுக்கு ரயில்.

எல்லாரும் திரும்பவில்லை. ரங்கூனிலிருந்து முன்னதாகவே வேறு ரயிலில் அனுப்பப்பட்ட ஒரு கூட்டத்தை வழியில் கொரில்லாக்கள் தாக்கினார்கள். அதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள் இறந்தார்கள். நம் விழாக்களில் எத்தனையோ மாலைகள் விழுகின்றன. இந்த இரண்டு பெயரையும் ஒலிபெருக்கியில் கேட்டவர்கள் கையைத் தூக்குங்கள்.

அந்தப் படை போர்க்களத்தில் சுடவே இல்லையே, அது என்ன படை என்று என் கூட வேலை பார்த்த ஒருவர் கேலி செய்ததுண்டு. நான் பட்டாளத்தில் இருந்த வருஷங்களில் நானும்தான் யாரையும் சுட்டதில்லை. ஓய்வூதியம் மாதம் தவறாமல் வருகிறது.

ஜப்பான் சரணடைந்ததும் அந்த ராணுவம் கலைந்தது. டில்லிச் செங்கோட்டையில் அதன் அதிகாரிகள் மீது வழக்கு நடந்தபோது இந்தியாவே கொந்தளித்தது. இங்கே மலாயாவில் தோட்டங்கள் நோயும் பஞ்சமுமாகக் கிடந்தன. சயாமுக்குப் போனவர்களின் மனைவிகள் விதவையா இல்லையா என்றே தெரியாமல் காத்திருந்தார்கள். 1946இல் இந்திய காங்கிரஸ் ஒரு மருத்துவக் குழுவை அனுப்பியது. ஜானகி அதில் சேர்ந்து பணியாற்றினார். துப்பாக்கி பிடித்த பெண்ணுக்கு இது இறக்கம் என்று நினைப்பவர்கள் ரங்கூன் மருத்துவமனையை மறந்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடங்கியபோதும் அவர் உடனிருந்தார். வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ஆதி நாகப்பனை மணந்தார். ஊராட்சி மன்றங்களை ஆராய 1965இல் அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் அந்த நாகப்பன்தான். ஜானகி பின்னர் செனட்டர் ஆனார். ஆதி நாகப்பன் மனைவி என்றும், செனட்டர் என்றும் ஊர் அறிந்தது. கேப்டன் என்பது மெல்லப் பின்வரிசைக்குப் போனது.

அதே படையில் இருந்த ஈப்போப் பெண் ராசம்மா பூபாலன் பின்னாளில் ஆசிரியையாகி, பெண் ஆசிரியர்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் கேட்டுச் சங்கம் வைத்துப் போராடினார். கிள்ளான் தோட்டத்தில் 1941இல் கேட்ட அதே கேள்விதான், ஆள் மட்டும் வேறு.

கர்னல் ஹாபிக்குப் போர் முடியுமுன்னே சிறப்புச் சேவைப் பதக்கம் கிடைத்தது. 1953இல் ஐசனோவரின் அமைச்சரவையிலும் இடம் கிடைத்தது. ஜானகிக்கு இந்திய அரசு 2000இல் பத்மஸ்ரீ கொடுத்தது. சித்தாங் ஆற்றைக் கடந்து 55 வருஷம் கழித்து. 2014 மே 9இல் தம் வீட்டில் நிமோனியாவால் காலமானார். மறு ஆண்டு கோலாலம்பூரின் இந்தியக் கலாசார மையத்துக்கு நேதாஜி பெயரை வைத்தார்கள்.

எங்கள் பாட்டிக்கு எந்தக் காகிதமும் வரவில்லை. படைப்பிரிவு கலைந்ததும் காப்பாருக்கே திரும்பினார். துரை மாறியிருந்தார், கங்காணி அதே ஆள்தான். "எங்கடி போயிருந்த இவ்வளவு நாளா?" என்று பெரட்டில் கேட்டாராம். பட்டாளத்துக்கு என்று பாட்டி சொல்லவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்கு என்றார். பேர் எழுதிக்கொண்டு நிரையைக் காட்டினார்கள், மறுநாளிலிருந்து பால்வெட்டு.